வகுப்பறை காஸ்ப்ளே: விக்கில் இரண்டு நிறம், வழி சொல்லுங்கள்

அனிமே (ஜப்பானியக் கார்ட்டூன்) பாத்திரங்களாக வேடமிட்டு, பள்ளிக் காட்சி ஒன்றைப் போட்டோ எடுக்கிறோம். நாங்கள் மூவரும் வேலைக்குப் போகிறவர்கள். இடம், வேளச்சேரியில் ஒரு டியூஷன் சென்டர். கடைசி வரிசை, ஜன்னலோர பெஞ்ச். அனிமே நாயகிக்கு அந்த இடம்தானே! ஆனால் வெள்ளி நிற விக் ஜன்னல் பக்கம் நீலமாகவும், டியூப்லைட் பக்கம் பாசிப்பச்சையாகவும் விழுகிறது. நெற்றி முடியில் வகிடு எடுத்த மாதிரி இரண்டும் பிரிந்து தெரிகிறது.

கேனான் 200டி, 50 மி.மீ. லென்ஸ், ஒரு ஸ்பீட்லைட் (கேமரா ஃபிளாஷ்). ஒயிட் பேலன்ஸ் (வெளிச்சத்துக்கு ஏற்ப நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பு) 5500 கெல்வின் வைத்தேன். முகம் சரி, விக் பச்சைதான். டியூப்லைட்டை அணைத்தால் ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) 3200 வரை போயும் உள்பக்கம் இருட்டு. எடிட்டிங்கில் பச்சையைக் குறைத்தால் சீருடையின் பச்சை ரிப்பனும் வெளுத்துவிடுகிறது. சுவரும் இளம்பச்சை, அதில் பட்டுத் திரும்பும் ஃபிளாஷும் பச்சை.

அடுத்த ஞாயிறு 3 முதல் 5 மணி வரைதான் அறை கிடைக்கும். டியூப்லைட்டை அணைத்துவிட்டு, ஸ்பீட்லைட்டை வெள்ளைத் தெர்மோகோலில் அடித்தால் ஜன்னல் வெளிச்சத்தோடு நிறம் ஒத்துப்போகுமா?