செருப்பு கழன்றது தெரியவில்லை

நீடாமங்கலம் பக்கம்:
அப்பாவுக்கு 61 வயது. மேட்டூர் தண்ணீர் வந்த கையோடு குறுவை நடவு. மத்தியானம் வயலிலிருந்து வந்து திண்ணையில் உட்கார்ந்தார். ஒரு காலில்தான் செருப்பு. "இன்னொண்ணு எங்கப்பா?" என்றேன். குனிந்து பார்த்துவிட்டு, "அட, கழண்டுடுச்சா?" என்றார். மதகடியிலிருந்து வீடு வரை தார் ரோடு, கொதிக்கிற வெயில். ஒற்றைக் கால் வெறுங்காலாக நடந்து வந்திருக்கிறார். சூடு உறைக்கவே இல்லை.

விரலிடுக்கில் அதற்கு முன்பே ஒரு புண். சேற்றுப்புண் என்று மருதாணி அரைத்து வைத்துக்கொண்டிருந்தார். சேற்றில் நிற்கிற ஊரில் அது யாருக்குத்தான் இல்லை? மூன்று வாரமாக ஆறவில்லை, வலிக்கவும் இல்லை. வலிக்காததை நல்ல சேதி என்று நினைத்துவிட்டோம். ராத்திரி நாலு தடவை எழுந்து போவதற்கு வயசு காரணம், வேட்டி இடுப்பில் நிற்காததற்கு உழைப்பு காரணம். எல்லாவற்றுக்கும் எங்களிடம் பதில் இருந்தது.

ரத்தம் பார்த்தோம். வெறும் வயிற்றில் சர்க்கரை 214. 126 தொட்டாலே சர்க்கரை நோய்தானாம். மூணு மாச சராசரி (HbA1c என்கிற சோதனை) 10.2, அதில் 6.5தான் எல்லை. டாக்டர் அவரைக் கண்ணை மூடச் சொல்லி, ஒரு நைலான் இழையால் உள்ளங்காலில் பத்து இடத்தில் தொட்டுத் தொட்டுக் கேட்டார். மூன்று இடத்தில்தான் "ஆமாங்க" வந்தது. ரிப்போர்ட்டைப் பார்த்து வராத பயம் எனக்கு அப்போது வந்தது.

விரல் தப்பித்தது. இப்போது வரப்போடு சரி, சேற்றில் இறங்குவதில்லை (அதற்குத்தான் வீட்டில் பெரிய சண்டை). செருப்பைத் தட்டிப் பார்த்துத்தான் போடுவார். ராத்திரி தரையில் முகம் பார்க்கிற கண்ணாடியை வைத்து, உள்ளங்காலை அதில் பார்க்கிறோம்.

கும்பகோணத்திலிருந்து:
எங்க மாமியார் கதை நேர்மாறு, சுகர் ரொம்ப இறங்கிப்போன கதை. ஏகாதசி விரதம், பச்சைத் தண்ணி பல்லுல படல. ஆனா சுகரைக் குறைக்கிற கிளிமிபிரைடு மாத்திரைய மட்டும் மறக்காம போட்டுக்கிட்டாங்க. பதினோரு மணிக்கு வேர்த்துக் கொட்டுது, கை நடுங்குது, கேட்டதுக்குச் சம்பந்தமில்லாம பேசுறாங்க. பக்கத்து வீட்டம்மா சாமி வந்திருக்குன்னு விபூதி எடுத்துட்டு ஓடி வந்துட்டாங்க! மீட்டர் வச்சுப் பார்த்தா சுகர் 48. மூணு ஸ்பூன் சர்க்கரைய தண்ணில கரைச்சுக் குடுத்தோம். கால் மணி நேரத்துல 82. நினைவு இருந்ததால குடுத்தோம். மயங்கிக் கிடந்தா வாயில எதுவும் ஊத்தக் கூடாது, நேரா ஆஸ்பத்திரிதான்னு நர்ஸ் சொன்னாங்க. இப்ப விரதம்னா முன்கூட்டியே டாக்டரைக் கேட்டுக்குறோம்.

மன்னார்குடி:
நான் சோத்தை விட்டுட்டுக் கேப்பைக் களிக்கு மாறினேன். சுகருக்கு நல்லதுன்னு வயிறு முட்டச் சாப்பிட்டேன். ரெண்டு மணி நேரம் கழிச்சுப் பார்த்தா 260! கேப்பையும் மாவுதானே, அளவுன்னு ஒண்ணு இருக்குன்னு அப்பத்தான் உறைச்சுது. மாத்திரைய 'மக்களைத் தேடி மருத்துவம்' அக்கா வீட்டுக்கே கொண்டாந்து குடுத்துடறாங்க, அதுல குறையில்ல. நீடாமங்கலத்துக்காரரே, அந்தக் கண்ணாடிய இன்னிக்கே எங்க வீட்லயும் வைக்கிறேன். இந்தத் தொப்பைய வச்சிக்கிட்டு என் பாதத்தை நான் பார்த்தே வருஷமாச்சு.