மங்குக்கு ஹைட்ரோகுவினோன்: கண்ணில் பட்டதைச் சொல்லுங்கள்

மருந்தாளுநர்_வேலூர்
மங்குக்கு, அதாவது முகத்தில் விழும் கருந்திட்டுக்குப் போடும் மூன்று மருந்து க்ரீம்தான் எனக்கு ஞாபகம் வருகிறது. திட்டை வெளுக்க வைக்கும் ஹைட்ரோகுவினோன் அதில் ஒன்று. கவுண்டரில் ஒரு அம்மா பழைய ட்யூபைப் பிதுக்கிக் காட்டினார். வந்தது டீ டிகாக்‌ஷன் நிறத்தில். "காசு போட்டு வாங்கினது, தீரட்டும்னு போட்டுக்கிட்டிருக்கேன்" என்றார். ஹைட்ரோகுவினோன் காற்றும் வெளிச்சமும் பட்டால் பழுப்பேறிவிடும். பழுப்பேறியது திட்டைக் குறைக்காது, எரிச்சலைத்தான் கூட்டும். மூடியை இறுக்கி வெயில் படாத அலமாரியில் வையுங்கள். பழுப்பேறினால் குப்பையில் போடுங்கள்.

தோல்_ஓபி
அண்ணா, நிறம் மாறியதைவிட அதில் இருக்கிற மொமெட்டசோன் 0.1%தான் பயம். ஹைட்ரோகுவினோன் 2%, ட்ரெட்டினாயின் 0.025% கொடுக்கும் எரிச்சலை அடக்கச் சேர்த்த ஸ்டீராய்டு அது, சில வாரத்துக்கு மட்டும். சிவப்பழகு க்ரீம் மாதிரி மாதக்கணக்கில் பூசிய ஒரு கல்லூரிப் பெண்: கன்னத்தில் நூல் நூலாகச் சிவந்த ரத்தக்குழாய், தாடையில் முடி. நிறுத்தியதும் முகம் தகதகவென எரிய, மறுபடி அதையே பூசியிருக்கிறாள். சட்டென நிறுத்தினால் எரிச்சல் எகிறும், அதனால்தான் மருத்துவர் பார்த்துப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

சரண்யா_மதுரை
நீங்கள் சொல்வது ஸ்டீராய்டின் குற்றம். ஹைட்ரோகுவினோன் மேல் ஏற்றாதீர்கள். அது 4% தனியாகவே கிடைக்கிறது. அதன் சொந்தக் கெடுதல் ஓக்ரனோசிஸ், அதாவது பூசிய தோலே நீலக்கறுப்பாவது, 1975-இல் தென்னாப்பிரிக்காவில் பதிவானது. வருடக்கணக்கில் பூசிய ஒருவரின் கன்ன எலும்புக்கு மேல் தோலில் நீலம் கலந்த கறுப்பு, தொட்டால் மணல் மணலாக. மங்கு கூடிவிட்டது என்று இன்னும் அள்ளிப் பூசியிருந்தார். அது லேசில் போகாது.

போடுகிறவர்கள் முதலில் முழங்கை உட்புறம் ஒரு நாள் வைத்துப் பாருங்கள். பிறகு இரவில் மட்டும், முகம் கழுவி நன்றாகக் காய்ந்ததும், மெல்லிசாகத் திட்டின் மேலேயே. எல்லை தாண்டினால் சுற்றிலும் வெளுத்து வளையம் விழும். மூக்கோரம், வாயோரம் தேங்கக் கூடாது. பருவுக்குப் போடும் பென்சாயில் பெராக்சைடை அதே இடத்தில் சேர்த்தால் தோலில் கறை பிடிக்கும். மூன்று மாதத்தில் அசையவில்லை என்றால் நிறுத்துங்கள். அசைந்தாலும் இடைவெளி விட வேண்டும், அப்போது அசெலாயிக் அமிலம் 20% க்ரீம் கைகொடுக்கும். கர்ப்பிணிகள் ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின் பக்கமே போக வேண்டாம்.

பகலில் எஸ்பிஎஃப் 50 சன்ஸ்க்ரீன் மட்டும் போதாது. மாநிறத் தோலில் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமே மங்கைக் கறுக்க வைக்கும். நிறமுள்ள சன்ஸ்க்ரீன், இரண்டு விரல் நீளம், வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை.

மருந்தாளுநர்_வேலூர்
கடையில் 'டின்டட்' என்று கேளுங்கள் சரண்யாம்மா சொன்ன நிறமுள்ள சன்ஸ்க்ரீனுக்கு. அட்டையில் அயர்ன் ஆக்சைட்ஸ் (இரும்பு நிறமி) இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அதுதான் அந்த வெளிச்சத்தைத் தடுக்கிறது.