அவாந்தரோ 1971 நேரலைத் தொகுப்பு: இரைச்சலைத் துடைக்கலாமா?

பழையதட்டு:
மெக்சிகோவின் அவாந்தரோ விழாவில் 1971 செப்டம்பர் 11 இரவு ஒலித்த ராக் இசை, 32 ஆண்டுகள் கழித்து 2003-ல்தான் நேரலைத் தொகுப்பாக வந்தது. அதைக் கேட்டுவிட்டு எழுதுகிறேன். குரல் கூட்ட இரைச்சலில் அமுங்குகிறது, பேஸ் கிட்டார் எங்கோ கிணற்றுக்குள் ஒலிக்கிறது. ஒரே தடத்தில் பதிந்த பழைய நாடாவிலிருந்துகூட இன்று குரலையும் டிரம்ஸையும் தனித்தனியாகப் பிரித்தெடுக்க மென்பொருள் இருக்கிறது. இதைச் சுத்தம் செய்து மறுபடி வெளியிட வேண்டும். இப்போதிருக்கும் நிலையில் புதிதாகக் கேட்பவர் இரண்டாவது பாட்டுக்குக்கூடப் போகமாட்டார்.

மழைச்சாரல்:
கூடவே கூடாது நண்பரே. அந்த இரவே அப்படித்தான் இருந்தது. வாயே தே பிராவோ ஊர்ப் பக்கம் கார் பந்தயம் நடத்தத் திட்டம் போட்டார்கள். அதோடு ஒட்டிய நிகழ்ச்சிதான் ராக். 25 பெசோ டிக்கெட். வந்த கூட்டத்தை ஒரு லட்சம் என்பாரும் உண்டு, மூன்று லட்சம் என்பாரும் உண்டு. பந்தயத்தையே ரத்து செய்தார்கள். மழை, சேறு, அடிக்கடி மக்கர் செய்த ஒலிக்கருவிகள். ஹாவியேர் பாத்திஸ் போன்ற பெரிய கலைஞரே போக்குவரத்து நெரிசலில் சிக்கி மேடைக்கு வந்துசேர முடியவில்லை.

பீஸ் அண்ட் லவ் குழு கஞ்சாவைப் பற்றிய பாட்டைப் பாடி, மேடையிலிருந்து கெட்ட வார்த்தையும் வந்ததும், நேரடியாக ஒலிபரப்பிக்கொண்டிருந்த ரேடியோ ஹுவென்தூத் இணைப்பைத் துண்டித்தது. பாதியில் அறுந்த அந்த ஒலிபரப்புதான் என்னைப் பொறுத்தவரை வரலாறு. அதற்கு மூன்று மாதம் முன்புதான், ஜூன் 10 அன்று, தலைநகரத் தெருவில் போராடிய மாணவர்களை அரசு ஏவிய கும்பல் கொன்றிருந்தது. 1968-ல் த்லாதெலோல்கோ சதுக்கத்திலும் அதே கொடுமை. அப்படிப்பட்ட நாட்டில் இவ்வளவு இளைஞர்கள் ஓரிடத்தில் கூடிக் கத்தும் சத்தத்தை இரைச்சல் என்று எப்படித் துடைப்பீர்கள்?

பழையதட்டு:
நீங்கள் சொன்ன அத்தனையும் உண்மை. ஆனால் ஒரு பாட்டின் இசையைப் பற்றியாவது ஏதாவது சொன்னீர்களா? ஐம்பது ஆண்டுகளாக இதே கதைதான். அந்த வாரத்துப் பத்திரிகைகள் போதை, நிர்வாணம், சேறு என்று எழுதித் தள்ளின. மேடையில் வாசித்தவர்களின் இசையை யாரும் கவனிக்கவில்லை. எல் ரிதுவால் குழுவின் 1971 இசைத்தட்டைக் கேளுங்கள். கனத்த கிட்டாருக்கு நடுவில் புல்லாங்குழல் நுழையும் இடத்தில் மயிர்க்கூச்செறியும். லோஸ் டக் டக்ஸ் குழுவும் லேசுப்பட்டதில்லை. பீஸ் அண்ட் லவ்வின் பித்தளைக் குழல்கள் ஸ்டூடியோவில் எவ்வளவு துல்லியமாக ஒலிக்கின்றன! அதே ஆட்கள் மேடையில் என்ன செய்தார்கள் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை. மூல நாடாவை யாரும் எரிக்கச் சொல்லவில்லையே.

செண்பகம்:
இடையில் ஒன்று சொல்கிறேன். மழைச்சாரல் இதைப் புரட்சி மாதிரி எழுதுகிறார். ஏற்பாடு செய்தவர்களில் முக்கியமானவர் லூயிஸ் தே யானோ, தொலைக்காட்சி நிறுவனத்துக்காரர். பாட்டுகளில் பெரும்பாலானவை ஆங்கிலம். அமெரிக்காவைப் பார்த்துப் போட்ட நகல் என்று மெக்சிகோ எழுத்தாளர் கார்லோஸ் மோன்சிவாயிஸ் அப்போதே கடிந்துகொண்டார். அவர் வைத்த விமர்சனம் இன்னும் அப்படியே நிற்கிறது.

மழைச்சாரல்:
ஏற்பாடு யாருடையதாகவும் இருக்கட்டும், சேற்றில் விடிய விடிய நின்றவர்கள் தொலைக்காட்சிக்காரர்கள் இல்லை. தேசியக் கொடியில் கழுகு இருக்க வேண்டிய இடத்தில் சமாதானச் சின்னத்தை வைத்துப் பிடித்த கூட்டம் அது. வெறும் நகலுக்கு அரசு ஏன் அவ்வளவு மிரண்டது? விழாவுக்குப் பிறகு ராக் வானொலியிலிருந்து ஓரங்கட்டப்பட்டது. பெரிய நிகழ்ச்சிகளுக்கு அனுமதி கிடைக்கவில்லை. ஹோயோஸ் ஃபங்கிஸ் என்று பேர்பெற்ற புறநகர்க் கொட்டகைகளில்தான் இசை உயிர் பிழைத்தது. விழாவை முடித்துவைத்த திரீ சோல்ஸ் இன் மை மைண்ட் குழு அந்தக் கொட்டகைகளில் ஸ்பானிய மொழிக்கு மாறி, பின்னாளில் எல் த்ரி என்று பெயர் மாறி, ஏழைப் பேட்டைகளின் குரலாகவே ஆனது. ஆங்கிலத்தில் தொடங்கினார்கள் என்பது மட்டும் முழுக் கதை ஆகாது.

பழையதட்டு:
சரி, இப்படிச் செய்யலாமா? இரண்டு தட்டு. ஒன்றில் இருக்கும் பதிவைக் கை வைக்காமல், அறுந்த இடம் அறுந்தபடியே. மற்றதில் சுத்தம் செய்த வடிவம்.

மழைச்சாரல்:
முதல் தட்டுக்கு இரண்டு கையும் தூக்குகிறேன். இரண்டாவதற்கு எனக்கு நிபந்தனை உண்டு. ஸ்டூடியோவில் வாசித்ததை எடுத்து ஓட்டை அடைக்கக் கூடாது, கூட்டத்தின் சத்தத்தைக் குறைக்கவும் கூடாது.

பழையதட்டு:
முதல் நிபந்தனை நியாயம், ஒட்டுப்போட்டால் அது நேரலையே இல்லை. இரண்டாவதற்கு ஒப்பமாட்டேன். கிட்டார் தனியாக வாசிக்கும் இடத்திலாவது கூட்டம் கொஞ்சம் பின்னால் போகத்தான் வேண்டும். மழையில் நனைந்துகொண்டு வாசித்தவனுடைய விரல் எனக்குக் கேட்க வேண்டும்.

மழைச்சாரல்:
அந்த விரலுக்கு வேகம் கொடுத்ததே கூட்டம்தான் என்கிறேன் நான். எந்தப் பாட்டில் குறைப்பீர்கள் என்று பெயர் சொல்லுங்கள், அதை வைத்துப் பேசுவோம்.