லூப் பெடல் தேர்வு: புதுப்பிப்பு
வீட்டுப் பயிற்சிக்கும், வியாசர்பாடி, ராயபுரம் பக்கம் நான் கிட்டார் வாசிக்கும் கானா மேடைகளுக்கும் ஒரே லூப் பெடல் (வாசிப்பதைப் பதிந்து, திரும்பத் திரும்ப ஒலிக்கவிடும் மிதிகருவி) போதுமா, டிசி எலெக்ட்ரானிக் நிறுவனத்தின் டிட்டோவா, பாஸ் (Boss) நிறுவனத்தின் ஆர்சி-5ஆ என்று முன்பு கேட்டிருந்தேன், ஆர்சி-5ஐ வாங்கிவிட்டேன். 5 நிமிடப் பதிவும் ஒரே குமிழும் கொண்ட டிட்டோ, பயிற்சிக்குத் தாராளம்தான். ஆனால் ஆர்சி-5இல் பதிவுகளைச் சேமித்துவைக்க 99 இடங்கள் இருப்பதால், பாடல்களுக்குரிய கிட்டார் அடுக்குகளை வீட்டிலேயே பதிந்து மேடைக்குக் கொண்டுபோக முடிகிறது. அதிலுள்ள 57 தாள வடிவங்களும் கானாவின் நடைக்கு அவ்வளவாகப் பொருந்தவில்லை என்பது என் கருத்து.

லூப்பை நிறுத்த மிதிச்சுவிட்சை அடுத்தடுத்து இருமுறை மிதிக்க வேண்டும். இரண்டாவது மிதி சரியாகத் தாளத்தில் விழாவிட்டால் முடிப்பு தடுமாறும் என்பதால், நிறுத்துவதற்கென்றே வெளிச்சுவிட்சு ஒன்றை இணைத்துக்கொண்டேன்.

மேடையில் இதைவிடப் பெரிய சவால் வேகம். பாட்டு சூடேறும்போது தாளக்காரர்கள் இயல்பாகவே விரைவுபடுத்துவார்கள், ஆனால் லூப் அவர்களைத் தொடராது. ஆகவே லூப்பின் ஒலியை அவர்களுக்கு அருகிலுள்ள மானிட்டரில் (மேடையில் இருப்பவர்கள் கேட்பதற்கான ஒலிபெருக்கியில்) உரக்கக் கொடுக்கச் சொல்லி ஒலியமைப்பாளரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்கிறேன். குரலையும் லூப் செய்ய விரும்புவோர், ஆர்சி-5இல் மைக்கை நேரடியாகச் செருக இயலாது என்பதைக் கருத்தில் கொள்ளவும்.