மீன் ‘சேர்த்தி’யா, ‘உடம்பாடா’?

மடல் 1: கையேட்டை மொழிபெயர்ப்பவர்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம். வண்ணமீன் வளர்ப்பைத் தொழிலாகத் தொடங்கவிருக்கும் மகளிர் குழுக்களுக்கான பயிற்சிக் கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். அது வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். பல இன மீன்களை ஒன்றாக விடும் வீட்டுத் தொட்டியைக் கடைகளில் ‘கம்யூனிட்டி டேங்க்’ என்கிறார்கள். முதலில் ‘சமுதாயத் தொட்டி’ என்று எழுதினேன். படித்துப் பார்த்த அம்மையார் ஒருவர், சமுதாயக் கூடத்தைப் போல இது தெருவுக்குப் பொதுவான குடிநீர்த் தொட்டி என்று எடுத்துக்கொண்டார். ஆகவே ‘பன்மீன் தொட்டி’ என்று மாற்றிவிட்டேன். அதில் ஒன்றாக விடத்தக்க ‘கம்பாட்டிபிள்’ மீன்களை எப்படிச் சொல்வது? ‘இணக்க மீன்’ என்றால் போதுமா?

மடல் 2: ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர்

‘இணக்கம்’ இப்போது மென்பொருளுக்கும் வரிச் சட்டத்துக்கும் போய்விட்ட சொல். நமக்கு அதைவிடப் பழைய சொல் இருக்கிறது. ‘உடம்பாடு இலாதவர் வாழ்க்கை குடங்கருள் பாம்போடு உடனுறைந் தற்று’ என்பது 890ஆம் குறள். உடன்படு என்பதே உடம்படு என்றானது. ‘குடங்கர்’ என்பதற்குக் குடிசை என்று உரை கொள்வது வழக்கமாயினும், குடம் என்ற பொருளும் அச்சொல்லுக்கு உண்டு; குடத்து நீருக்குள் ஒன்றுக்கொன்று ஆகாத இரண்டு உயிர்கள் என்று கொண்டால் மீன்தொட்டிக்கு இதைவிடப் பொருத்தமான வரி வேறில்லை. மேலும், சேராத இரண்டு உயிரெழுத்துகளுக்கு நடுவே யகரமோ வகரமோ வந்து சேர்த்துவைப்பதை உடம்படுமெய் என்கிறோம். சண்டையிடும் இரு மீன்களுக்கு நடுவே அடர்த்தியாக நடும் நீர்ச்செடியை அப்படி அழைக்கலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது. எனவே ‘உடம்பாட்டு மீன்’ என்பதே என் பரிந்துரை.

மடல் 3: மீன் வளர்ப்பவர்

ஐயாவின் மடலை இரண்டு முறை படித்தேன். குறளை மறுக்க என்னிடம் எதுவும் இல்லை. ஆனால் ‘உடம்பாட்டு மீன்’ என்று என் கடைக்காரரிடம் சொல்லிப் பார்த்தபோது, உடம்பில் நோய் கண்ட மீனைப் பற்றிக் கேட்கிறேன் என்று நினைத்து அவர் மருந்துப் புட்டியை எடுத்தார். மற்றொரு குறை இதைவிடப் பெரியது. ‘இணக்க மீன்’, ‘உடம்பாட்டு மீன்’ என்று பெயரடையாக்கியதும் அது அந்த மீனின் குணம் என்று ஆகிவிடுகிறது. உண்மையில் அது இரண்டு மீன்களுக்கு இடையே உள்ள உறவு. தங்கமீனும் சாது, டிஸ்கசும் சாது. ஆனால் முன்னதற்கு 20 டிகிரி செல்சியசை ஒட்டிய குளிர்ந்த நீர் வேண்டும், பின்னதற்கு 28 டிகிரிக்குக் குறையாத வெதுவெதுப்பு வேண்டும். மலாவி ஏரியின் சிக்லிட் மீன்கள் கடினமான காரநீரில் வாழ்பவை. அமேசான் பகுதியின் நியான் டெட்ராவோ மென்மையான அமிலநீரில் வளர்ந்த மீன். டைகர் பார்ப் தன் கூட்டத்தோடு இருக்கும்வரை பெரிதாகத் தொல்லை தராது. கப்பியின் நீண்ட வாலைக் கண்டால் கொறித்துவிடும்.

என் தொட்டியில் பத்து நியான்களோடு ஐந்து ரூபாய்க் காசளவு ஏஞ்சல் குஞ்சு ஒன்றை விட்டேன். எட்டு மாதம் ஒரு குறையும் இல்லை. பிறகு ஒரு நாள் காலையில் விளக்கைப் போட்டபோது ஆறு நியான்கள் மட்டும் செடிக்குப் பின்னால் ஒண்டிக்கிடந்தன. இறந்த மீன் ஒன்றுகூட இல்லை. உள்ளங்கையளவு வளர்ந்திருந்த ஏஞ்சல் வயிறு புடைத்து அசையாமல் நின்றது. முதல் நாள் சேர்ந்தவை எட்டாம் மாதம் சேரவில்லை. ‘இது அதோடு சேரும், சேராது’ என்று எல்லாரும் சொல்லும் வினையே இதற்குப் போதும். ‘எதனோடு எது சேரும்’ என்று அட்டவணைக்குத் தலைப்பிடுங்கள். ‘ஓடு’ உருபு இருந்தால்தான் ‘எதனோடு’ என்ற கேள்வி படிப்பவர் மனத்தில் எழும்.

மடல் 4: கையேட்டை மொழிபெயர்ப்பவர்

தலைப்பை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். ஆயினும் சொல்லடைவுக்கு ஒரு பெயர்ச்சொல் வேண்டும். ‘சேர்மீன்’ என்ற வினைத்தொகை அழகாக இருந்தாலும் மீண்டும் மீனின் குணமாகவே ஒலிக்கிறது. ‘சேர்த்தி’ என்று வைக்கலாமா? திருவரங்கத்தில் பங்குனி உத்திரத்தன்று பெருமாளும் தாயாரும் ஒருசேர எழுந்தருள்வதைச் சேர்த்தி என்பார்கள். இருவர் இல்லாமல் அச்சொல்லுக்கு இடமே இல்லை.

மடல் 5: மீன் வளர்ப்பவர்

‘கப்பி, மோலி: நல்ல சேர்த்தி’ என்று எழுதினால் என் வீட்டார்க்குப் புரிகிறது. எனக்குச் சம்மதம்.

மடல் 6: ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர்

பெரும்பான்மை அதுவென்றால் அச்சுக்கு அனுப்புங்கள். நான் உடன்படவில்லை என்பதைப் பதிந்துவைக்கிறேன். கோயில் வழக்கில் சேர்த்தி என்பது ஒரு நாள் நிகழ்வு, தொட்டியிலோ அவை ஆண்டுக்கணக்கில் வாழ வேண்டும். சொல்லடைவில் ‘சேர்த்தி’க்கு அருகே ‘உடம்பாடு’ என்றும் ஒரு வரி இருக்கட்டும்.