டைவர்ஸ்ல ஜாயின்ட் ஃப்ளாட், லோன், நகை எப்படிப் பிரியும்?

மேடவாக்கம் ஃப்ளாட் ரெண்டு பேர் பேர்லயும் இருக்கு, லோனும் ஜாயின்ட்தான், 11 வருஷம் பாக்கி, இஎம்ஐ நான்தான் கட்டறேன் ஆனா முன்பணம் மாமனார் குடுத்தது, என்னோட 40 பவுன் அவங்க லாக்கர்ல. மியூச்சுவல்ல போறோம், கோர்ட்டே பாதி பாதியா பிரிச்சுடுமா?

பதில் 1: இல்லைங்க, நம்ம சட்டத்துல தானா பாதின்னு கிடையாது, பத்திரம் யார் பேர்ல, பணம் யார் போட்டதுன்னுதான் பாப்பாங்க. நகை உங்க ஸ்திரீதனம், அதாவது பொண்ணுக்கே சொந்தமான சொத்து, 1985லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. கல்யாண ஆல்பம், நகைக்கடை பில் எடுத்து வைங்க.

பதில் 2: லோன்தான் தலைவலி சிஸ்டர். கோர்ட்ல என்ன எழுதினாலும் பேங்க் ரெண்டு பேரையும்தான் கேக்கும், அவர் கட்டாத இஎம்ஐக்கு என் சிபில் ஸ்கோர் விழுந்துச்சு. லோனை ஒருத்தர் பேருக்கு மாத்தி, விடுதலைப் பத்திரம் (ஃப்ளாட்ல தன் பங்கை விட்டுக்குடுக்கற பத்திரம்) எப்போ பதியறதுன்னு மியூச்சுவல் டைவர்ஸுக்குப் போடற 13பி மனுவுலயே தேதியோட எழுதிடுங்க.

கேட்டவர்: பில் அம்மாவோட பீரோவுல இருக்கும், தேடச் சொல்றேன்.