நாவலைத் தொடங்கும் முன்பே கடைசிப் பக்கத்தைப் பார்க்கலாமா?

கடைசிப்பக்கம்:
நம் வாசகர் குழுவில் பென்சில்கோடு என்ற பெயரில் எழுதுபவர் பரிந்துரைத்த நாவலை வாங்கி, "முடிவைப் பார்த்துவிட்டேன், பிடித்திருக்கிறது, இனிமேல்தான் தொடங்க வேண்டும்" என்று போன வாரம் எழுதியிருந்தேன். "இனி அதைத் தொடங்கி என்ன பயன், கெடுத்துக்கொண்டுவிட்டீர்களே" என்று பதில் போட்டிருந்தார். மனதில் தங்கிவிட்டது. அதனால் தனியாகவே பேசிவிடலாம்.

இருபது வருடமாக நான் இப்படித்தான் படிக்கிறேன். முதல் அத்தியாயம், அப்புறம் கடைசி இரண்டு பக்கம், அதற்குப் பிறகு மற்றதெல்லாம். முடிவு தெரியாவிட்டால் நான் படிப்பதில்லை, ஓடுகிறேன். வர்ணனை வந்தால் கண் தாண்டிப் போகிறது. "அடுத்து என்ன ஆச்சு" என்பதைத் தவிர எதுவும் மண்டையில் ஏறாது. முடிவு தெரிந்தபின் நிதானம் வந்துவிடும். ஒரு நாவலில் மாப்பிள்ளை வீட்டுக்குள் வரும்போதெல்லாம் செருப்பை வாசல் பக்கம் திருப்பி வைத்துவிட்டு வருவான். கடைசியில் அவன் ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பிப் போகிறவன் என்பது எனக்குத் தெரியும். அதனால் அந்தச் செருப்பு வந்த ஒவ்வொரு இடத்திலும் நின்றேன். தெரியாமல் படித்திருந்தால் அது வெறும் செருப்பு.

பென்சில்கோடு:
வெறும் செருப்பாகத்தான் முதலில் இருக்க வேண்டும். கவனிக்காமல் நாம் கடந்து போகட்டும் என்றுதான் எழுத்தாளர் அதை அவ்வளவு சாதாரணமாக வைக்கிறார். அவன் போன பிறகு "ஐயோ, அந்தச் செருப்பு!" என்று பக்கங்களைப் பின்னால் புரட்டிக்கொண்டு ஓடுவோமே, அதற்காகத்தான் முந்நூறு பக்கம் காத்திருந்திருக்கிறார். உங்களுக்கு அது கிடைக்காமலே போய்விட்டது. நிதானமாகப் படிக்க இரண்டாம் வாசிப்பு எப்போதும் இருக்கிறது. முதல் வாசிப்பு ஒரே ஒரு தடவைதான்.

என் புனைபெயர் வந்த கதையைச் சொல்கிறேன். பதினாறு வயதில் நூலகத்திலிருந்து ஒரு துப்பறியும் நாவல் எடுத்து வந்தேன். 36ஆம் பக்கத்தில் டாக்டர் முதன்முதலாக உள்ளே வருகிறார். அவர் பெயருக்கு அடியில் பென்சிலால் கோடு போட்டு, ஓரத்தில் "இவன்தான்" என்று யாரோ எழுதியிருந்தார்கள். ரப்பர் போட்டு அழித்தேன். எழுத்து போனது, தாளில் பதிந்த தடம் போகவில்லை. அதன் பிறகு அந்த டாக்டர் ஜன்னலைச் சாத்தினாலும் எனக்குக் கொலைகாரன் சாத்துகிறான். மற்ற ஐந்து பேரில் ஒருவரைக்கூட என்னால் சந்தேகப்பட முடியவில்லை. அந்தப் புத்தகத்தை நான் படித்தேன் என்று இன்றுவரை சொல்லிக்கொள்ள மனசு வரவில்லை.

பழையஏடு:
துப்பறியும் கதைக்கு நீங்கள் சொல்வது சரி. எல்லாக் கதைக்கும் அதைப் போட்டு அளக்காதீர்கள் தம்பி. சிலப்பதிகாரத்தில் முன்னுரை மாதிரி முதலில் வரும் பதிகத்திலேயே முழுக் கதையும் வந்துவிடுகிறது. கோவலன் கொலையுண்டதும் வந்துவிடும், மதுரை எரிந்ததும் வந்துவிடும். அதைப் படித்துவிட்டுத்தான் நாம் கல்யாணப் பந்தலுக்குள் நுழைகிறோம். அங்கே பெண்கள் பூத்தூவிக் கண்ணகியை வாழ்த்துகிறார்கள்: "காதலற் பிரியாமல், கவவுக்கை ஞெகிழாமல்". அணைத்த கை நெகிழாமல் இருக்கட்டும் என்று வாழ்த்து! முடிவு தெரியாதவருக்கு அது வழக்கமான கல்யாண வாழ்த்து. தெரிந்தவருக்கு அந்த இடத்தைத் தாண்டவே முடியாது. நாற்பது வருடமாகப் படிக்கிறேன், ஒவ்வொரு தடவையும் அங்கே தொண்டை அடைக்கிறது.

பென்சில்கோடு:
ஐயா, அந்த வரியை நீங்கள் எடுத்துக் காட்டிய விதத்துக்கு நன்றி. ஆனால் அங்கே முடிவை முன்னால் வைத்தது நூல்தானே, வாசகர் புரட்டிப் பார்க்கவில்லையே. எதை எப்போது சொல்வது என்பது எழுதியவர் கையில் இருக்கட்டும் என்றுதான் நானும் கேட்கிறேன். பொன்னியின் செல்வன் 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்தபோது புரட்டிப் பார்க்கக் கடைசிப் பக்கமே கிடையாது. அந்த வாசகர்கள் ஒரு கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு முழு வாரமும் இருந்தார்கள். அந்தக் காத்திருப்பும் வாசிப்புதான்.

கடைசிப்பக்கம்:
அந்த வாசகர்களுக்கும் பெரிய முடிவு தெரியுமே! அருள்மொழிவர்மன் பிற்பாடு ராஜராஜ சோழன் ஆகப் போகிறான் என்று சரித்திரப் பாடத்திலேயே படித்திருப்பார்கள். அப்படியிருந்தும் அவன் கடலில் மூழ்கிவிட்டான் என்ற செய்தி வரும்போது யார் பதறாமல் இருந்தார்கள்? தெரிந்திருப்பதால் பதைப்பு போய்விடாது. எனக்குப் போனதே இல்லை.

எண்ணும்எழுத்தும்:
இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 2011இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் லீவிட், கிறிஸ்டன்ஃபெல்ட் என்ற இருவர் 12 சிறுகதைகளைக் கொடுத்து, சிலருக்கு மட்டும் முடிவை முன்கூட்டியே சொன்னார்கள். மொத்தத்தில் முடிவு தெரிந்து படித்தவர்களே கதைகளுக்குக் கொஞ்சம் கூடுதல் மதிப்பெண் போட்டார்கள், மர்மக் கதைகளுக்கும் சேர்த்து. சில வருடங்கள் கழித்து ஜான்சன், ரோசன்பாம் என்ற வேறு இருவர் செய்த சோதனையில், தெரியாமல் படித்த கதைதான் அதிகம் பிடித்திருந்தது, அதிகம் மனதைத் தொட்டது என்று வந்தது. என் கருத்து: இருபது நிமிடத்தில் முடிகிற சிறுகதையை வைத்து, பத்து நாள் கூடவே வாழ்கிற நாவலுக்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

மழைச்சாரல்:
நான் இங்கே அதிகம் எழுதுவதில்லை. பென்சில்கோடு சொன்ன அதே நாவலைத்தான் நானும் படிக்கிறேன். 140ஆம் பக்கத்தில் அந்தச் சின்னப் பெண்ணுக்குக் காய்ச்சல் வருகிறது. அம்மா ஈரத்துணியை நெற்றியில் போடுகிறாள், துணி நிமிடத்தில் காய்ந்துவிடுகிறது. அங்கே மூடி வைத்தவள்தான், பதினொரு நாள் ஆகிறது. என் மகன் மூன்று வயதில் பதினாறு நாள் மருத்துவமனையில் கிடந்தான். துணி காய்கிற அந்த வேகம் எனக்குத் தெரியும்.

கடைசிப் பக்கத்தைப் புரட்டக் கை போகிறது. பென்சில்கோடு எழுதியதைப் படித்த பிறகு, நல்ல புத்தகத்துக்குத் துரோகம் செய்கிறோமோ என்று கையை இழுத்துக்கொள்கிறேன். முழுசாகத் தெரிய வேண்டாம். அவள் பிழைக்கிறாளா என்பது மட்டும் தெரிந்தால் போதும், மற்றதையெல்லாம் தைரியமாகப் படித்துவிடுவேன்.

கடைசிப்பக்கம்:
அக்கா, எனக்குத் தெரியும். சொல்லிவிடுவேன். பென்சில்கோடு பரிந்துரைத்த புத்தகம், அவரே சொல்லட்டும் என்று காத்திருக்கிறேன்.

பென்சில்கோடு:
ஒரு மணி நேரமாக இந்தப் பதிலை எழுதி எழுதி அழித்துக்கொண்டிருக்கிறேன். துரோகம் எதுவும் இல்லை அக்கா, நான் அந்தப் பென்சில் கோட்டை மட்டுமே நினைத்துப் பேசிவிட்டேன். அதைப் போட்டவர் என்னைக் கேட்டுப் போடவில்லை. நீங்கள் கேட்கிறீர்கள்.

பிழைத்துவிடுகிறாள். 163ஆம் பக்கத்தில் எழுந்து உட்கார்ந்து பசிக்கிறது என்பாள். அதுவரை ஈரத்துணி இன்னும் இரண்டு இடத்தில் வரும், பயப்படாமல் படியுங்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்.